வில்லியனூருக்கு அப்பால்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் எல்லாம் விளக்கொளியில் நிற்கும். உள்ளே ஒயிட் டவுன் தெருக்களில் மஞ்சள் சுவர் விடுதிகள் ஒவ்வொன்றிலும் நாலைந்து ஏசி ஓடும். இத்தனைக்கும் தேவையான மின்சாரத்தில் நகரம் தன் எல்லைக்குள் தயாரித்துக்கொள்வது மொட்டை மாடிச் சூரியத் தகடுகள் தரும் கொஞ்சம்தான். புகைபோக்கி கிடையாது, அணை கிடையாது, காற்றாலை கிடையாது. சுற்றுலாப் பயணி கண்ணுக்குப் படும் அழகில் பாதிக்கு இந்த ‘கிடையாது’கள்தான் காரணம். மற்ற மின்சாரமெல்லாம் கம்பி வழியே வெளியூரிலிருந்து வருகிறது. அந்தக் கம்பியைப் பிடித்தபடி பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

மின்துறைத் தலைமை அலுவலகம் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையில் இருக்கிறது. அந்தப் பக்கத்து டீக்கடை ஒன்றில் ஓய்வுபெறும் வயதில் இருந்த லைன்மேன் ஒருவரிடம் கேட்டேன்.

“நம்ம ஊருக்கு கரண்ட் எங்கேருந்து வருதுங்க?”

“வில்லியனூர் சப் ஸ்டேஷன்லேருந்து.”

“வில்லியனூருக்கு?”

அவர் டீ டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார். “அது மேலேருந்து வருது சார்.”

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. போகிற இடத்திலெல்லாம் இதே கேள்வியைக் கேட்டேன். எல்லோரும் தங்களுக்கு ஒரு படி முந்தைய இடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த லைன்மேனுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. யூனியன் பிரதேசங்களின் மின் விநியோகத்தைத் தனியாரிடம் கொடுப்பதாக மத்திய அரசு 2020இல் அறிவித்தது. 2022 செப்டம்பர் இறுதியில் புதுச்சேரி மின்துறை ஊழியர்கள் அதை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நகரம் சில இரவுகள் இருட்டைப் பார்த்தது. மின்சாரத்தைத் தயாரிக்காத ஊரில், அதைப் பகிர்ந்து கொடுக்கும் உரிமைக்கே அத்தனை போராட்டம்.

கிளம்புவதற்கு முன் பழைய கலங்கரை விளக்கத்தைச் சுற்றி வந்தேன். 1836இல் இதை ஏற்றியபோது எரிந்தது எண்ணெய் விளக்கு. அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1831இல், லண்டனில் மைக்கேல் ஃபாரடே கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து எடுத்தால் கம்பியில் மின்னோட்டம் எழுகிறது என்று கண்டுபிடித்திருந்தார். அடுத்த ஆண்டே பாரிஸில் இப்போலித் பிக்சி என்ற கருவி செய்பவர் கைப்பிடியைச் சுற்றினால் மின்சாரம் தரும் இயந்திரத்தைச் செய்துவிட்டார். காந்தம் அசைய வேண்டும் அல்லது சுருள் அசைய வேண்டும். இரண்டில் ஒன்று நகராமல் மின்சாரம் இல்லை. அனல், புனல், அணு, காற்று என்று எத்தனை பெயர் சொன்னாலும் அந்த மின்நிலையங்களின் கடைசிக் கூடத்தில் நடப்பது பிக்சியின் கைப்பிடி வேலைதான். அதைச் சுற்றுவது யார் என்பதில்தான் வித்தியாசம்.

பழைய சைக்கிளில் டயரில் உரசி ஓடும் டைனமோவை ஓட்டியவர்களுக்கு ஒன்று தெரியும்: விளக்கைப் போட்டதும் பெடல் கனக்கும். நாட்டின் மின்சார ஏற்பாடு முழுவதும் அந்தக் கனத்தில்தான் நிற்கிறது. மின்தொகுப்பில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் வசதி மிகக் குறைவு. ஒயிட் டவுனில் ஒரு ஏசி ஓடத் தொடங்கும் அதே நொடியில் எங்கோ ஒரு சக்கரம் அந்த அளவுக்குக் கனக்கிறது. அங்கே ஆவியைக் கூட்டிவிட ஆள் அல்லது கருவி இல்லாவிட்டால் சக்கரம் மெதுவாகும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. காந்தத்துக்கு இரண்டே துருவம் என்றால் அது நிமிடத்துக்கு 3000 முறை சுற்றியாக வேண்டும். 2013 டிசம்பர் 31 அன்று தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்போடு இணைந்தது. அன்று முதல் பஞ்சாபின் அனல்மின் நிலையத்துச் சக்கரமும் நெய்வேலிச் சக்கரமும் ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. ஒன்று தடுமாறினால் எல்லாவற்றுக்கும் தெரியும்.

வாடகைக் கார் ஓட்டி வந்த தம்பி அரியாங்குப்பத்துக்காரர். முதலில் வில்லியனூர் போகச் சொன்னேன். “கோயிலுக்கா சார்?” என்றார். திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தில் பிரெஞ்சு கவர்னரே வடம் பிடித்த ஊர் அது. அவர் கேட்டது நியாயம். சப் ஸ்டேஷன் என்றதும் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

வேலிக்கு வெளியே நின்றாலே டிரான்ஸ்ஃபார்மர்களின் ரீங்காரம் கேட்கிறது. இரும்புத் தகடுகள் காந்தப் புலத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப இம்மியளவு விரிந்து சுருங்குவதால் எழும் ஓசை அது. இங்கே 230 கிலோவோல்ட்டில் வந்து சேரும் மின்சாரம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி வீட்டுக்குள் 230 வோல்ட்டாக நுழைகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு உயர்த்தி அனுப்புவது ஏன்? கம்பி சூடாகி வீணாகும் சக்தி, மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் அதே சக்திக்கு மின்னோட்டம் பத்தில் ஒன்றாகும். இழப்பு நூறில் ஒன்றாகும். இந்தக் கணக்கு மட்டும் இல்லாவிட்டால் மின்நிலையம் ஒவ்வொரு ஊருக்குள்ளும்தான் இருக்க வேண்டும். புதுச்சேரிக்கும் ஒரு புகைபோக்கி இருந்திருக்கும்.

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் புவியியல் மின்சாரத்துக்கும் விசித்திரமானது. மாஹேவுக்குக் கேரளத்தின் வழியாகவும் ஏனாமுக்கு ஆந்திரத்தின் வழியாகவும் மின்சாரம் போகிறது. பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாகப் பிடித்த நிலத்தை இன்றைய கம்பிகள் அந்தந்தப் பக்கத்து வீட்டோடு சேர்த்துவிட்டன. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்ற நான்கு துண்டுகளுக்கும் பெரும்பங்கு தருவது மத்திய அரசின் மின்நிலையங்கள்: நெய்வேலி, கல்பாக்கம், தெலங்கானாவின் ராமகுண்டம் என்று பட்டியல் நீளும். ஆனால் எந்த அலகு எங்கிருந்து வந்தது என்று கம்பியில் எழுதியிருக்காது. ஒரு நாளை 96 கால்மணி நேரத் துண்டுகளாக வெட்டி, இந்தத் துண்டில் இந்த நிலையம் இவ்வளவு தரும், இந்த ஊர் இவ்வளவு எடுக்கும் என்று முந்தின நாளே எழுதிவைக்கிறார்கள். ‘நெய்வேலி மின்சாரம்’ என்பது அந்தக் கணக்கேட்டின் வரிதான்.

கடலூர்ச் சாலையில் தெற்கே போனால் தென்பெண்ணைப் பாலம் வரும். ஆற்றில் மணல்தான் அதிகம். இந்த ஆற்றின் மேலே, திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையில் 7.5 மெகாவாட் புனல்மின் நிலையம் ஒன்று இருக்கிறது. நீர் உயரத்திலிருந்து விழுந்து சக்கரத்தைத் தள்ளுவது எல்லா முறைகளிலும் எளியது, புகையற்றது. தமிழ்நாட்டின் முதல் பெரிய மின் முயற்சிகளும் நீரிலிருந்தே வந்தன: 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர். ஆனால் அதற்கு மலையும் வருடம் முழுவதும் நீரும் வேண்டும். தென்பெண்ணையில் நீர் இல்லாத மாதங்களே கூடுதல்; வந்தால் ஒரேயடியாக வரும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, மின் விநியோகம் நின்றது. அடுத்து சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் அதிகமாகத் திறந்துவிட்ட நீர் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. 7.5 மெகாவாட் நிலையம் அந்த நீரில் எவ்வளவை விழுங்கியிருக்க முடியும்?

“எங்க சித்தி வீட்ல கழுத்து வரைக்கும் தண்ணி சார்,” என்றார் தம்பி. அதற்கு மேல் பேசவில்லை.

கடலூர் தாண்டியதும் முந்திரியும் பலாவும் தொடங்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததில் இங்கே மரங்களோடு மின்கம்பங்களும் வரிசையாகச் சாய்ந்தன. குறிஞ்சிப்பாடி, பிறகு வடலூர். வள்ளலார் 1867இல் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று தம்பி பிடிவாதமாக நின்றார். சாம்பாரும் சோறும் நன்றாக இருந்தன. அந்த அடுப்பிலிருந்து பத்துக் கிலோமீட்டர் சுற்று வட்டத்தில்தான் தென்னாட்டின் மிகப்பெரிய அடுப்புகள் சில எரிகின்றன. அவற்றையும் எளிதில் அணைத்துவிட முடியாது. ஒரு பெரிய கொதிகலனைக் குளிரவிட்டு மறுபடி சூடேற்ற பல மணி நேரம் ஆகும், எண்ணெய் செலவாகும், குழாய்கள் விரிந்து சுருங்கித் தேயும். அதனால் இரவு தேவை குறைந்தாலும் தணலாவது வைத்திருக்கிறார்கள்.

நெய்வேலியில் எனக்குச் சித்தப்பா முறை ஒருவர் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் ஷிஃப்ட் பார்த்து ஓய்வுபெற்றவர். டவுன்ஷிப்பின் நிழல் மரச் சாலைகள் வழியாகச் சுரங்கத்தைப் பார்க்கும் இடத்துக்கு அழைத்துப் போனார்.

“எட்டிப் பாரு. கேமராவுல அடங்காது.”

அடங்கவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் படிப்படியாக இறங்கும் மண். முதலில் செம்மண், பிறகு வெளிறிய மணற்பாறை, அடியில் கரும்பழுப்பு அடுக்கு. அந்த அடியில் ஒரு பக்கெட் வீல் இயந்திரம் மெதுவாகச் சுரண்டிக்கொண்டிருந்தது. பல மாடி உயரம் என்று சித்தப்பா சொன்னதால்தான் அளவு புரிந்தது. நின்ற இடத்திலிருந்து பூச்சி மாதிரிதான் இருந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்ததில் தொடங்கிய கதை இது. 1956இல் சுரங்கத்தை நடத்தும் நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். மண்ணை அகற்றிப் பழுப்பு நிலக்கரியைக் கண்ணால் பார்க்க 1961 ஆனது. சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962இல் ஓடியது. அந்த 600 மெகாவாட் நிலையம் 2020இல்தான் ஓய்ந்தது.

“நிலக்கரியை ரயில்ல ஏத்தி மெட்ராஸுக்கு அனுப்பி அங்க எரிச்சிருக்கலாமே சித்தப்பா?”

“பாதி தண்ணிப்பா அதுல! தண்ணியை யாராவது ரயில்ல ஏத்துவாங்களா?”

எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். எரியும்போது வெப்பத்தின் ஒரு பங்கு அந்த ஈரத்தை விரட்டவே செலவாகும். அதனால் சுரங்க வாயிலிலேயே எரித்துவிட்டு மின்சாரத்தை அனுப்புவதுதான் கட்டுப்படியாகும். கன்வேயர் பெல்ட்டில் வரும் கரி அரைபட்டுக் கொதிகலனுக்குள் பறந்து எரிகிறது. சுவர்க் குழாய்களில் ஓடும் நீர் 500 டிகிரிக்கு மேல் சூடான உயர் அழுத்த ஆவியாகி டர்பைன் இதழ்களில் பாய்கிறது. வேலை முடித்த ஆவியைக் கன்டென்சரில் குளிர்வித்துத் திரும்ப நீராக்கி அதே கொதிகலனுக்கு அனுப்புகிறார்கள். இந்தக் குளிர்விப்பில்தான் பெரிய நஷ்டம். எரித்த கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரமாகிறது; மீதியில் பெரும்பகுதி குளிர்விப்புக் கோபுரங்கள் வழியே வானத்துக்குப் போகிறது. இடை சிறுத்த அந்தப் பெரிய கோபுரங்களிலிருந்து எழுவதைப் புகை என்று காட்டித்தான் செய்திப் படங்கள் போடுகிறார்கள். அது வெறும் நீராவி. புகை, ஒல்லியாக உயர்ந்து நிற்கும் புகைபோக்கியிலிருந்து வருகிறது; பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியாததால் அது கொஞ்சமாகிவிடாது.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இங்கே ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது. ஒரு டன் கரி எடுக்க மேலே இருக்கும் ஐந்து, ஆறு கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டும். கிலோவுக்கு ஐந்து, ஆறு லிட்டர் மண். விடுதி அறையில் ஏசி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டுக்கு மேல் ஆகும். இரவு பத்து மணிக்குப் போட்டு காலை ஆறு மணிக்கு அணைத்தால் குடம் குடமாக மண் அள்ளியாக வேண்டும். விடுதிக்காரர் ‘சுற்றுச்சூழலைக் காக்கத் துண்டுகளை மறுபடி பயன்படுத்துங்கள்’ என்று குளியலறையில் அட்டை மாட்டியிருந்தது நினைவுக்கு வந்தது. ஏசியைப் பற்றி அட்டையில் ஒரு வார்த்தை இல்லை.

கரிக்கு அடியில் தண்ணீர். அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளும் ஊற்றுநீர் அது. அதைச் சுற்றிலும் கிணறுகள் போட்டு இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை வெடித்து நீர் பொங்கிவிடும். ஒரு காலத்தில் குழாயைச் சொருகினாலே தானாக நீர் பீறிட்ட பூமி என்றும், இப்போது நூற்றுக்கணக்கான அடி இறங்க வேண்டியிருக்கிறது என்றும் சுற்றுவட்டார விவசாயிகள் சொல்கிறார்கள். 2023 ஜூலையில் சுரங்கத்தை ஒட்டிய வளையமாதேவியில் கதிர் பிடித்து நின்ற நெல்வயலுக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட நிறுவனத்துக்கு அவசரம். நிலம் எப்போதோ கையகப்படுத்தியது, இழப்பீடு கொடுத்தது என்று அவர்கள் பக்கம் காகிதம் இருந்தது. அறுவடைக்குச் சில வாரம் பொறுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக அந்தச் சம்பளத்தில் படித்து எழுந்தது.

“ரெண்டு பக்கமும் நம்ம ஜனம்தான். நான் என்ன சொல்ல?” என்றார். பிறகு, 2020இல் இரண்டாவது அனல்மின் நிலையத்தில் மே மாதமும் ஜூலை மாதமும் கொதிகலன்கள் வெடித்து இறந்த தொழிலாளர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதில் சிலர் அவருக்கு முகம் தெரிந்தவர்கள்.

நெய்வேலியிலிருந்து சிதம்பரம், சீர்காழி வழியாகக் காரைக்கால். புதுச்சேரி அரசு தனக்கென்று வைத்திருக்கும் மின்நிலையம் இங்கே, திருமலைராயன்பட்டினத்தில் இருக்கிறது. 32.5 மெகாவாட், நெய்வேலிக்குப் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாத அளவு. ஆனால் வேலை செய்யும் விதத்தில் இது கெட்டிக்கார நிலையம். காவிரிப் படுகையில் எடுக்கும் இயற்கை எரிவாயுவை, விமான இன்ஜின் போன்ற டர்பைனுக்குள் காற்றோடு சேர்த்து எரிக்கிறார்கள். எரிந்து விரியும் வாயுவே நேராகச் சக்கரத்தைச் சுற்றுகிறது. நடுவில் நீர் தேவையில்லை. வெளியேறும் வாயு அப்போதும் நல்ல சூடாக இருக்கும். அதை வீணாக்காமல் அதைக்கொண்டு நீரைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியில் இன்னொரு டர்பைனை ஓட்டுகிறார்கள். ஒரே எரிபொருளுக்கு இரண்டு சக்கரம். இப்படிப்பட்ட புதிய பெரிய நிலையங்களில் வெப்பத்தில் பாதிக்கு மேல் மின்சாரமாகிவிடும். கரியைவிடச் சீக்கிரம் ஏற்றி இறக்கவும் முடியும். குறை ஒன்றுதான்: எரிவாயு வந்தால்தான் ஓடும். கொஞ்ச தூரத்தில் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக நிலக்கரி இறங்குகிறது. தூசு பறந்து வருகிறதென்று நாகூர்க்காரர்கள் வருடக்கணக்காகப் புகார் சொல்லி வருகிறார்கள்.

வழியெங்கும் காற்று வீசியது. “இங்க ஏன் சார் காத்தாடி வெக்கலை?” என்று தம்பி கேட்டார். தமிழ்நாட்டுக் காற்றாலைகள் பெரும்பாலும் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு போன்ற மலைக் கணவாய்களுக்கு எதிரே நிற்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்குகளில் நெருக்குண்டு வேகமெடுக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் இருக்கும் சக்தி எட்டு மடங்கு. இந்தக் கடற்கரைக் காற்று உடம்புக்குச் சுகம், சக்கரத்துக்குப் போதாது. கடல் அலையும் ஏற்ற இறக்கமும்? பிரான்சின் ரான்ஸ் ஆற்று முகத்தில் 1966 முதல் கடல் ஏற்றத்தைத் தேக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கே நீர்மட்டம் சராசரியாக எட்டு மீட்டர் ஏறி இறங்கும். நம் கரையில் ஒரு மீட்டரைத் தாண்டினாலே அதிகம். பிரெஞ்சுக்காரர்கள் இங்கே விட்டுப்போனவற்றில் கடலும் சேர்த்தி என்றாலும் அது வேறு கடல்.

மறுபடி புதுச்சேரி வந்து, வடக்கே ஆரோவில். 1968இல் தொடங்கிய இந்த ஊரின் பெரும்பகுதி நிலம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் வருகிறது. சூரியச் சமையற்கூடத்தின் கூரையில் 15 மீட்டர் அகலக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வானம் பார்த்துக் கிடக்கிறது. கிண்ணம் அசையாது, குவியும் ஒளியைத் தேடி அதன் கொதிகுழாய்தான் நகரும். அந்த வெப்பத்தில் ஆவி உண்டாக்கி நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கிறார்கள். மேகம் போட்டால் டீசல் கொதிகலன். வெயிலை மின்சாரமாக்கி, கம்பியில் ஓடவிட்டு, மறுபடி வெப்பமாக்குவதைவிட இது நேர்வழி என்பதை யாரும் மறுக்க முடியாது. ஊரின் தியான மண்டபமான மாத்ரிமந்திருக்கோ 1990களின் இறுதியிலேயே 36.3 கிலோவாட் சூரியத் தகடுகள் போட்டார்கள்.

நான் பார்த்ததிலேயே எதுவும் சுற்றாத இடம் இதுதான். சிலிக்கான் தகட்டின் ஒரு முகத்தில் எலக்ட்ரான்கள் மிகுந்திருக்கும்படியும் மறுமுகத்தில் குறைந்திருக்கும்படியும் கலப்படம் செய்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஒரு மின்புலம் தானாக அமைகிறது. ஒளி பட்டு விடுபடும் எலக்ட்ரானை அந்தப் புலம் ஒரே திசையில் தள்ளிவிடுகிறது. அவ்வளவுதான், ஆவி இல்லை, சத்தம் இல்லை, தேய்மானப் பாகம் இல்லை. ஒளி பட்டால் மின்சாரம் பிறக்கிறது என்று முதலில் கண்டது எட்மண்ட் பெக்கரல், 1839இல், பாரிஸில் தன் தந்தையின் ஆய்வுக்கூடத்தில். அப்போது அவருக்கு வயது 19. அவருடைய மகன் ஆன்றி பெக்கரல்தான் 1896இல் யுரேனியத்தின் கதிரியக்கத்தைக் கண்டவர். அப்பாவின் கண்டுபிடிப்பு ஆரோவில் கூரையில். மகனுடையது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கல்பாக்கத்தில்.

கல்பாக்கத்துக்குள் விடமாட்டார்கள். பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய சிதிலமான கோட்டை இருக்கிறது. ஒரு காலத்தில் மஸ்லின் துணி ஏற்றிப்போன துறை. அந்தக் கடற்கரையில் நின்றால் உலைக் கட்டடங்கள் தெரியும். சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகள், ஒவ்வொன்றும் 220 மெகாவாட். முதலாவது 1983இல் இயங்கத் தொடங்கியது. எரிப்பதற்குப் பதிலாக அணுவைப் பிளக்கிறார்கள் என்பதைத் தவிர மற்றதெல்லாம் நெய்வேலியில் பார்த்ததுதான்: வெப்பம், ஆவி, டர்பைன், கன்டென்சர். யுரேனியம் பிளக்கும்போது தெறிக்கும் நியூட்ரான்களின் வேகத்தைக் கனநீர் குறைக்கிறது. இந்த வகை உலையில் வேகம் குறைந்தால்தான் அடுத்த அணுவைப் பிளக்கும். ஆவியின் சூடு கரி நிலையத்தைவிடக் குறைவு என்பதால் வீணாகும் பங்கு இன்னும் கூடுதல். அதனால்தான் கடல் பக்கத்தில் வேண்டும். கடலுக்குள் அரை கிலோமீட்டர் அளவுக்குச் சுரங்கம் போட்டு நீர் எடுக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்த வழியாக நீர் ஏறிப் பம்பு அறை மூழ்கியது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். குடியிருப்பில்தான் உயிர்கள் போயின.

இந்த வளாகத்தில் பிரெஞ்சு வாடை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. 1985இல் இயங்கத் தொடங்கிய சோதனை வேக ஈனுலையின் வடிவமைப்பு பிரான்சின் ராப்சோடி உலையைப் பின்பற்றியது. அதன் பெரிய தம்பி, 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலை. நியூட்ரான்களை வேகம் குறைக்காமல் ஓடவிட்டு, எரிப்பதைவிட அதிக எரிபொருளைப் பிறப்பிப்பது திட்டம். அதற்கு நீரைக் குளிர்விப்பானாக வைக்க முடியாது. உருகிய சோடியம் வேண்டும். சோடியம் நீரைத் தொட்டால் பற்றிக்கொள்ளும், ஆனால் கடைசியில் ஆவி எடுக்க நீரைத்தான் சூடாக்க வேண்டும். ஒரு மெல்லிய உலோகச் சுவருக்கு இருபுறமும் இந்த இரண்டையும் ஓடவிட வேண்டியிருக்கிறது. 2004இல் கட்டத் தொடங்கிய உலையின் மையப் பகுதியை நிரப்பும் வேலையைத் தொடங்க 2024 மார்ச் ஆனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

திரும்பும் வழியில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டியபோது தம்பி கேட்டார்.

“எங்க வீட்டு மாடில சோலார் போட்டா எவ்ளோ ஆகும் சார்?”

2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றேன். கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி இடம். நல்ல வெயிலில் நாளைக்கு நாலு யூனிட்.

“இடம் இருக்கு சார். ஆனா மேற்கால எங்க பெரியம்மா வீட்டுத் தென்னை மரம். நிழல் விழுமே.”

தகடுகளைச் சங்கிலியாகக் கோத்திருப்பார்கள், ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் சங்கிலி முழுவதும் படுத்துக்கொள்ளும், ஒவ்வொரு தகட்டுக்கும் தனிக் கருவி வைத்தால் சமாளிக்கலாம், செலவு கூடும் என்றேன். மரத்தை வெட்டச் சொல்லிப் பார்க்கலாமா?

“பெரியம்மாவையா? வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க சார். அந்த மரத்துக் காய்லதான் வருஷம் பூரா சட்னி.” கொஞ்ச நேரம் ஓட்டினார். “கிழக்கு ஓரமா வெச்சிட்டா மூணு மணி வரைக்கும் நிழல் வராது. அதுக்கு மேல நெய்வேலிக்காரங்க பாத்துக்கட்டும்.”